சேர்வதும் சேர்த்துக்கொள்வதும்

என் பட்டறையின் கழுவும் அறைக்குள் திருநீறு பூசிக்கொண்டு யாரும் போகக் கூடாது. குங்குமம், பூ, பவுடர், கண்மை எதுவும் கூடாது. வேலைக்கு வரும் பெண்கள் ஒட்டுப்பொட்டை எடுத்து வெளிக்கதவின் நிலையில் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மாலையில் அதை எடுத்து மறுபடி நெற்றியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். மறந்துபோனவர்களின் பொட்டெல்லாம் சேர்ந்து அந்த நிலை அம்மை போட்டதுபோல் இருக்கும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் கொழுந்தனார், அதாவது என் புருஷனுடைய தம்பி, நான் வேதத்துக்கு மாறி சர்ச்சுக்குப் போகிறேன் என்று கண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் மாறவில்லை. வீட்டில் விளக்கு ஏற்றுகிறேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். அந்த அறைக்குள் மட்டும் தூசு போகக் கூடாது. சாமி சம்பந்தப்பட்ட தூசும் தூசுதான். இது விளங்காதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பட்டறை கட்டுகஸ்தோட்டையில், மடவளை பஸ் போகும் ரோட்டில் இருக்கிறது. நாங்கள் அங்கே சிப் செய்கிறோம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். போனுக்குள்ளும் கம்பியூட்டருக்குள்ளும் இருக்கிற சிப். நாங்கள் சிப் செய்வதில்லை. சிப் செய்கிற மிஷினும் செய்வதில்லை. அந்த மிஷினைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு, மிஷினின் வயிற்றுக்குள் பூட்டுகிற அலுமினிய வளையங்களைக் கடைந்து, கழுவி, இரட்டைப் பையில் அடைத்து அனுப்புகிறோம். கடைவதை லேத் வைத்திருக்கிற எவனும் செய்வான். கழுவுவதுதான் வேலை. உப்பெல்லாம் எடுத்த தண்ணீரில், நடுங்கிக்கொண்டே இருக்கிற தொட்டியில் முக்கி எடுத்து, கையுறை போட்ட விரல் நுனியால் ஓரத்தை மட்டும் பிடித்து உலர வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் அந்த வளையம் எந்த மிஷினுக்குள் போகிறதோ அந்த மிஷினில் ஆகிற சிப்பெல்லாம் கெட்டுப்போகும்.

இதை எனக்கு ஒரு சிங்கள இஞ்சினியர் மாத்தயா, என் புருஷன் இறந்த வருடம், ஒரு தரம் செய்து காட்டினார். இரண்டாம் தரம் காட்ட வேண்டி இருக்கவில்லை. எட்டுப் பெண்களுக்கு நான் பழக்கினேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். பிழையிருந்தால் மகள் திருத்துவாள்.

கொழுந்தனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமனார் விட்டுப்போன பட்டறையைப் பிரித்தபோது நல்ல லேத்து நான்கையும் லொறியில் ஏற்றிக்கொண்டு அவர் குண்டசாலைக்குப் போனார். எங்களுக்கு ஒரு பழைய லேத்தும் ஓடு உடைந்த கொட்டகையும் மிஞ்சின. பிறகு அவரும் அதே மாதிரி வேலை பிடித்தார், ஆனால் வேறொரு வெளிநாட்டுக் கம்பனிக்கு. அவர் கடைந்து மட்டும் அனுப்புவார். கழுவுவது மலேசியாவில், பினாங்கில் நடக்கும். எங்கள் கம்பனியும் அவருடைய கம்பனியும் அங்கே போட்டி, இங்கே நாங்கள் போட்டி. பதினொரு வருடம் அவர் என் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பேச்சு மகளின் போனில் வந்தது. வெளிநாட்டுக் கம்பனிகள் இரண்டும் ஒன்றாகப் போகின்றனவாம். பேச்சு நடக்கிறதாம், முடிவில்லையாம். மகள் வாசித்து விளக்கினாள். எங்கள் கம்பனியின் மிஷின் சிப் ஆகிற தகட்டின்மேல் படலம் படலமாகப் பூசும். அவர் கம்பனியின் மிஷின் அந்தப் படலத்தைச் செதுக்கும். மற்றச் சின்ன மிஷின்களில்தான் இரண்டுக்கும் போட்டி. சிப் செய்கிற முதலாளிக்கு இரண்டும் வேண்டும். இதுவரை அவன் இரண்டு வாசலிலும் தனித்தனியாகப் பேரம் பேசினான். இரண்டும் ஒன்றானால் வாசலும் ஒன்றுதான்.

மகளுக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. எனக்கு இல்லை. எங்கள் சந்தையில் மொத்த வெங்காயக்காரரும் மொத்த உருளைக்கிழங்குக்காரரும் சம்பந்தம் பண்ணிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணம் முடிந்த மறு கிழமையே, கிழங்கு எடுத்தால்தான் வெங்காயம் என்றார்கள். அது மட்டுமா? இரண்டு கடைக்கும் மூட்டை இறக்க இரண்டு கூட்டம் இருந்தது. ஒரு கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பந்தத்தில் சாப்பாடு எல்லோருக்கும் உண்டு, வேலை எல்லோருக்கும் இல்லை.

கண்டியில் அந்த இரண்டு கூட்டம் நானும் கொழுந்தனாரும். ஒன்றான கம்பனி இந்தச் சின்ன ஊரில் இரண்டு பட்டறையை வைத்துக்கொள்ளாது. ஒன்றைத்தான் வைக்கும். மற்றது மூட வேண்டும். என்னுடையது மூடினால் எட்டுப் பெண்களும் மறுபடி கார்மென்ட் பெக்டரியில் வரிசையில் நிற்க வேண்டும். நான் மகளின் வீட்டு மூலையில் உட்கார வேண்டும். எனக்கு மூலையில் உட்கார வராது.

கொழுந்தனார் எனக்கு முன்னமே இதைக் கணக்குப் போட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழப் பையோடு வந்து நின்றார்.

“அண்ணி, சொகமா இருக்கீங்களா?”

“வாங்க. இருங்க.”

வயதில் இளையவரை எங்கள் வீட்டில் வா என்றுதான் சொல்வோம். வாங்க என்றால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். கதிரையில் உட்காரும்போதே முகம் சிறுத்துவிட்டது.

“அம்புட்டுப் பெரிய கம்பனிக்காரங்களே சண்டைய விட்டுட்டு ஒண்ணா சேர்றாங்க அண்ணி. நாம ஒரே ரெத்தம்.”

“ஒரே ரெத்தம் ஒங்களுக்கும் ஒங்க அண்ணனுக்கும். நான் கம்பளையில இருந்து வந்தவ.”

“இன்னும் அந்த லேத்துப் பேச்சு ஒங்கள விட்டுப் போகல போல.”

“லேத்துதான் போச்சு. பேச்சு இருக்கு.”

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார். அவரிடம் கம்பியூட்டரில் ஓடுகிற கடைசல் மிஷின் இரண்டு இருக்கிறது, என்னிடம் கழுவும் அறை இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் யாராலும் அசைக்க முடியாது. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

“யாரு யாரோட சேர்றது?” என்று கேட்டேன்.

“அதென்ன கேள்வி? ரெண்டு பேருந்தான் சேர்றது.”

“எந்தப் பேருல?”

தேத்தண்ணியைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கிக் கொடுத்த தேத்தண்ணி அது. “பேர அப்பறம் பாத்துக்கலாம்.”

“அப்ப நீங்களும் அப்பறம் வாங்க.”

போகும்போது மூன்று தாள் கடதாசி வைத்துவிட்டுப் போனார். லோயர் எழுதியது, தமிழில். மகள் தேத்தண்ணி ஆறுவதற்குள் படித்து முடித்தாள். “நல்லாத்தாம்மா இருக்கு. சம பங்குன்னு போட்டிருக்கு,” என்றாள். நான் மூன்று நாள் எடுத்தேன். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, ஒரு வரி முடிந்தால் கொஞ்சம் இளைப்பாறி, அடுத்த வரி.

இரண்டாம் தாளின் நடுவில் நின்றுவிட்டேன். மற்ற இடங்களில் எல்லாம் சேரும், சேர்ந்து, சேர்ந்த பிறகு என்றே இருந்தது. அங்கே மட்டும், குண்டசாலைத் தொழிற்சாலை கட்டுகஸ்தோட்டைப் பட்டறையைச் சேர்த்துக்கொள்ளும் என்று இருந்தது. ஓடிப் படிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் ஒவ்வொரு எழுத்தாக நடந்து போகிறவள். ‘த்து’ என்ற இடத்தில் கால் தட்டியது. சேர்வது இரண்டு பேர் செய்வது. சேர்த்துக்கொள்வது ஒருவர் செய்வது. போக்கிடம் இல்லாத சொந்தக்காரியை வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். அவள் சமையலறையில் படுப்பாள்.

மகளிடம் போனை வாங்கி நானே பேசினேன்.

“அண்ணி, ஒரு எழுத்துக்கா இந்தப் பாடு? எழுத்து தெரியாத ஆளு கையில கடதாசியக் குடுத்தது என் பிழை.”

“எழுத்து தெரிஞ்ச ஆளுங்களுக்குத் தெரியாமப் போயிரும்னு நெனச்சது ஒங்க பிழை. பழம் புளிப்பு.”

அத்தோடு சண்டை வெளிப்படையானது. அவர் சும்மா இருக்கவில்லை. குண்டசாலையில் தனக்கே ஒரு கழுவும் அறை கட்டத் தொடங்கினார். அதற்குக் கட்டடம் மட்டும் போதாது, கை வேண்டும். என் பெண்களில் இருவரை எடுத்துக்கொண்டார். ஒருத்தி நான் முதன்முதலில் பழக்கியவள். வந்து என் முன் நின்று, “அம்மா, அங்க வேன் வருது. வீட்டு வாசல்லயே ஏத்திக்கிறாங்க,” என்றாள்.

“போ,” என்றேன். அன்று மாலை கதவு நிலையில் அவள் பொட்டு இருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

பிறகு பினாங்கிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று தெரிந்தது. இரண்டு கம்பனிக்கும் சேர்த்து, இரண்டு அறையையும் சோதித்து, எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறவள். பிற்பாடு யாரும் குறை சொல்லாமல் இருக்க, ஒருவர் அறையைச் சோதிக்கும்போது மற்றவரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். காற்சட்டை போட்டு, முடியைக் குட்டையாக வெட்டி, ஐம்பது வயது இருக்கும். தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழ் வேறு மாதிரி. இறங்கியதும் என்னைப் பார்த்து, “பசியாறிட்டீங்களாம்மா?” என்றாள்.

“இங்க யாரும் பட்டினி கெடக்கல,” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பது அப்படித்தானாம். கொழுந்தனார் பக்கத்தில் நின்று, “அண்ணிக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி மேடம்,” என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் என் அறை. சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தாள். அது காற்றை இழுத்து அதிலுள்ள தூசை எண்ணும். மூலை மூலையாக வைத்து எண்ணினாள். பெண்களைத் தொட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, வைக்கச் சொல்லி, அரை நாள் பார்த்தாள். இருவர் குறைந்த கையோடு ஆறு பேர் செய்தார்கள். அவள் தலையை ஆட்டினாள், எழுதினாள்.

மறுநாள் குண்டசாலை. அவள் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. கொழுந்தனாரோ புது அறைக்குப் பால் காய்ச்சுகிறோம் என்று எட்டு மணிக்கே என்னையும் மகளையும் வரச் சொல்லியிருந்தார். நான் பார்த்து வயிறு எரிய வேண்டும், அவ்வளவுதான். போனேன். பொய் சொல்ல மாட்டேன், என்னுடையதைவிட நல்ல அறை. இரண்டு மடங்கு பெரிது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கூரையில் காற்றை வடிகட்டும் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வாசலில் வாழை கட்டியிருந்தது. வெளியே பால் பொங்கியது. ஐயர் மந்திரம் சொன்னார். அதுவரைக்கும் சரி.

அதற்குப் பிறகு கொழுந்தனார் தூபக்காலைக் கையில் எடுத்தார். சாம்பிராணி தேங்காய் நார்த் தணலில் குப்பென்று புகைந்தது. ஒரு கையில் தேங்காய், தட்டில் கற்பூரம். கழுவும் அறையின் கதவைத் திறந்தார்.

நானும் எழுந்தேன். என்ன சொல்லவென்று எழுந்தேனோ, இப்போது நினைவில்லை. அதற்குள் அவர் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“அண்ணி, நீங்கதான் சாமி வேணாம்னு ஒதுங்குன ஆளாச்சே. வெளிய அந்தக் கதிரையில இருங்க. நாங்க முடிச்சிட்டு வர்றோம்.”

அவர் பெண்சாதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள்.

நான் இருந்தேன். கதவு வழியாகக் குரல் கேட்டது. என்னிடமிருந்து போனவள்தான். “மொதலாளி, பொக மட்டும் உள்ள வேணாம் மொதலாளி...”

“சாமி கும்புடாம ரூம் தொறக்கச் சொல்றியா? அந்தக் கெழவிகிட்ட இருந்து வந்த புத்தியா இது? ஃபேனப் போட்டாப் பொக போயிரும். தள்ளு.”

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினால் போதும். தணல் இன்னும் வாசலில்தான் இருந்தது. எட்டு வருடம் என் அறையில் நான் கற்றுக்கொடுத்ததெல்லாம் அவள் கண்ணில் இருந்தது. நான் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது.

அவர் நான்கு மூலைக்கும் புகை காட்டினார். நடு அறையில் கற்பூரம் கொளுத்தினார். ஐயர் மாவிலையால் தண்ணீர் தெளித்தார். பிறகு தரையைத் துடைத்து, காற்றுப்பெட்டிகளை முழு வேகத்தில் போட்டு, வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

பினாங்குப் பெண் வந்தாள். மிஷினை முதல் மூலையில் வைத்தாள். அது கத்தியது. இடம் மாற்றினாள், கத்தியது. நிறுத்திவிட்டு முகமூடியை விலக்கி மூக்கால் இழுத்தாள்.

“இங்க என்ன எரிச்சீங்க?”

“ஒண்ணுமில்ல மேடம். பக்கத்து வயல்ல வைக்கோலு எரிக்கிறாங்க. அந்தப் பொக வந்திருக்கும்.”

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இன்னொரு தவணை கொடுத்திருப்பாள். எனக்குத் தெரியும், அவள் அந்த மாதிரிப் பெண்தான். வேறு ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்திருந்தால் வைக்கோல் கதையை நம்பியும் இருப்பான். இவள் தமிழச்சி.

“வைக்கோலா? இது சாம்பிராணிலா. வெள்ளிக்கிழமைன்னா எங்க வீட்டுலயும் போடுவாங்க.” சிரிக்கவில்லை. “வடிகட்டி எல்லாத்துலயும் பிசின் ஏறியிருக்கும். அதக்கூட மாத்திக்கலாம். நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது?”

நானும் மகளும் பஸ்ஸில் திரும்பினோம். மகாவலிப் பாலத்தில் ஏறும்போது, “அம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

“வெளிய இருன்னு சொன்னாங்க. இருந்தேன்.”

இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பினாங்குப் பெண் எழுதிக் கொடுத்தது இதுதான்: கழுவுவது கட்டுகஸ்தோட்டையில். கடைவது குண்டசாலையில், ஏனென்றால் அங்கே மிஷின் நல்லது. இருவரும் ஒரே பெயரில் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊரில் ஆள் பார்ப்பார்கள். கொழுந்தனார் மறுபடி வந்தார். பழம் இல்லை. இந்தத் தடவை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். வெளியே போகிற பெட்டியில் என் பட்டறையின் பெயர். இரண்டு கம்பனிக்கும் உள்ள வேலையெல்லாம் அதன் வழியாக. ஐந்து வருடம். கழுவும் அறைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. நடுவில் எந்தச் சொல்லைப் போட்டேன் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் இங்கிலீசில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். எனக்கு என் பெயரை எழுதி முடிக்க நேரம் பிடிக்கும். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடப் பிடித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

போன பெண்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். எடுத்துக்கொண்டேன். ஆனால் முதலாம் தொட்டியில் விட்டேன், புதிதாக வருகிறவர்கள் நிற்கிற இடத்தில்.

அடுத்த வருடம் அந்தப் பெரிய பேச்சு முறிந்தது. ஏதோ ஒரு நாட்டு அரசாங்கம் அனுமதி கொடுக்க இழுத்தடித்ததாம். இழுத்தடித்ததில் கம்பனிகள் இரண்டுக்கும் மனம் விட்டுப்போய், அவரவர் வழியில் போகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். கொழுந்தனாருடைய பழைய கம்பனி, முன்புபோல் கழுவாத சாமானை அவரிடமே நேரடியாக எடுக்கத் தயாராக இருந்தது. நடுவில் நான் தேவையில்லை. அவர் அன்றைக்கே ஓடி வந்தார். வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“அண்ணி, அங்க எல்லாம் முடிஞ்சிருச்சி. அவங்களே பிரிஞ்சிட்டாங்க. அந்தக் கடதாசியக் கொண்டாங்க, கிழிச்சிப் போட்டுருவோம். நீங்களும் நிம்மதியா இருங்க, நானும் இருக்கேன்.”

“அவங்க எங்க பிரிஞ்சாங்க? அவங்க சேரவே இல்லயே.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

“நாம சேந்துட்டோம்.”

“அவங்க சேரப்போறாங்கன்னுதான அண்ணி நாம...”

“கடதாசியில அவங்க பேரு இல்ல. ஒங்க பேரும் என் பேருந்தான் இருக்கு. வேணும்னா திரும்பப் படிச்சிப் பாருங்க. மெதுவா.”

“அண்ணன் இருந்திருந்தா இப்புடிச் செய்ய விட்டிருக்க மாட்டாரு.”

“ஒங்க அண்ணன் இருந்தப்பத்தான் லேத்த ஏத்துனீங்க.”

லோயரிடம் போனார். லோயரும் கடதாசியைப் பார்த்துவிட்டு, பொறுத்திருங்கள் என்றாராம். அதனால் இப்போதும் திங்கட்கிழமை தோறும் வேனில் கடைந்த வளையங்களைக் கொண்டுவருகிறார். டிரைவரை நம்பி அனுப்ப மனமில்லாமல் தானே வருகிறார். வெளி அறைக்கும் கழுவும் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, தட்டை மட்டும் தள்ளுகிற அளவு. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வாங்க என்றுகூட இப்போது சொல்வதில்லை.

போன திங்கள் நான்கு வளையங்களின் உள்விளிம்பில் பிசிறு இருந்தது. கையுறையோடு தடவியே கண்டுபிடித்தேன். மூன்றில் நன்றாகத் தெரிந்தது. நாலாவது, விட்டால் விடலாம். மகள், “இது பரவால்லம்மா,” என்றாள். நான்கையும் தட்டில் வைத்து ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலாவதை அதிக நேரம் பார்த்தார். இரண்டு கையாலும் தட்டை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை.